ஈரக் கையெழுத்து

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல கொசத்தலை பாலிமர்ஸ்னு ஒரு ரப்பர் கம்பெனி இருக்கு, அந்தக் கம்பெனியில பிப்ரவரி பன்னெண்டாம் தேதி போட்ட கையெழுத்து ஒண்ணு மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும், முழுசா நாப்பத்தேழு நாளு, காயவே இல்ல. நான் அங்க டெஸ்பாட்ச்சுல இருக்கேன், பேரு ஜெசிந்தா மேரி, இருபத்திரண்டு வருஷ சர்வீஸு. கம்பெனிக்குள்ள வர்ற தபாலும் வெளிய போற தபாலும் என் கையைத் தாண்டித்தான் போயாகணும், அதனால அந்த ஈரத்தை மொதல்ல தொட்டவ நான்தான். தொட்டேன், ஒட்டுச்சு, முந்தானையில தொடைச்சேன், மத்தியானம் மறுபடி தொட்டேன், மறுபடியும் ஒட்டுச்சு. மறுநாளும் ஒட்டுச்சு. அதைப் பாத்து எங்க கம்பெனியில ஒருத்தரும் ஆச்சரியப்படல. எங்க ஆளுங்க ஆச்சரியப்படுறதுக்கு முன்னாடி சந்தேகப்பட்டுடுவாங்க, மை யாரு வாங்குனது, எந்தக் கடை, பில்லு எங்கன்னுதான் பேச்சு ஆரம்பிச்சுது.

கையெழுத்து யாரோடதுன்னா லீகல் மேடத்தோடது. அங்கயற்கண்ணின்னு பேரு, மதுரைக்காரங்க, ஹைகோர்ட்டுல ஒம்பது வருஷம் நின்னு பேசிட்டு, சம்பள வேலைக்கு வந்தா கோர்ட்டுல நிக்கக்கூடாதுங்கற விதிப்படி கறுப்பு கவுனை மடிச்சு பீரோவுல வெச்சிட்டு எங்க கம்பெனிக்கு வந்தவங்க. வருஷா வருஷம் அவங்க ஒரு சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போடணும். எங்களை வாங்கி வெச்சிருக்கிற வெளிநாட்டுத் தாய்க் கம்பெனிக்கு அது போகும். மொத்தம் நாப்பத்தோரு வரி, தண்ணி சுத்தமா விடுறோம், பொம்பளைங்களுக்குத் தனி ரெஸ்ட் ரூம் இருக்கு, மெஷின்ல பாதுகாப்புச் சாமான் எல்லாம் வேலை செய்யுதுன்னு வரிசையா இருக்கும், எல்லாத்துக்கும் தலையில 'எனக்குத் தெரிந்த வரையில் கீழ்க்கண்டவை அனைத்தும் உண்மை'ன்னு ஒரு வாசகம் இருக்கும். அந்த வருஷம் ஸ்கேன் பண்ணது செல்லாது, கம்ப்யூட்டர் கையெழுத்து செல்லாது, வெட் சிக்னேச்சர்தான் வேணும்னு மெயில் வந்துது. வெட் சிக்னேச்சர்னா பேனாவால போட்ட நிஜக் கையெழுத்துன்னு அர்த்தமாம். எங்களுக்கு எப்படித் தெரியும், ஈரமா கேட்டாங்க ஈரமாவே கெடைச்சுதுன்னு கேன்டீன்ல சிரிச்சோம்.

சிரிப்பு ரெண்டு நாள்தான். ஃபேனுக்கு அடியில வெச்சாங்க, காயல. மொட்டை மாடியில செங்கல்லு வெச்சு வெயில்ல போட்டாங்க, தாளு அப்பளமாட்டம் வளைஞ்சுது, கையெழுத்து காயல. ரப்பர் ஒட்டாம இருக்கத் தூவுவோமே பிரெஞ்சு சாக்குங்கற வெள்ளை மாவு, அதை அள்ளித் தூவினாங்க, மாவு நீலமாச்சு, கையெழுத்து காயல. ரப்பரை வேக வைக்கிற அடுப்புல பத்து நிமிஷம் வெச்சு எடுத்தாங்க, தாளு பழுத்துப் பொடியா உதிர்ந்துது, பொடிக்கு நடுவுல கையெழுத்து மட்டும் ஈரமா நின்னுச்சு. புதுத் தாளு அடிச்சு பால்பாயின்ட்ல போடச் சொன்னாங்க, அதுவும் காயல, கட்டைவிரல் வெச்சாங்க, அதுவும் காயல. கேட்டுக்கிட்ட இருக்கிற பிள்ளையாருக்குச் சூடம் காட்டி, தாளைச் சுத்தி எலுமிச்சம்பழம் உருட்டுனாங்க. கடைசியில பிளான்ட் ஹெட் வரதராசுலு சாரு, கேட்டது ஈரக் கையெழுத்துதானே, அப்படியே அனுப்பித் தொலைங்கன்னு சொல்லிட்டாரு. அனுப்புனேன். பதினோராவது நாளு திரும்பி வந்துது, உள்ள இருந்த அத்தனை தாளும் நீலம், மேல 'படிக்க முடியவில்லை, மறுபடி அனுப்பவும்'னு ஒரு சீட்டு.

அப்புறம்தான் மேடம் ஒரு காரியம் பண்ணாங்க. சர்டிபிகேட்டைத் துண்டு துண்டா அடிச்சு, ஒவ்வொரு வரிக்குக் கீழயும் தனித்தனியா கையெழுத்துப் போட்டுப் பாத்தாங்க. நாப்பது வரி காஞ்சுது. இருபத்தாறாவது வரி காயல. அந்த வரியில என்ன இருக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது, தெரியாதுன்னே வெச்சுக்குங்க, இப்ப சொல்றேன். மெஷின்ல இருக்கிற பாதுகாப்புச் சாமான் எல்லாம் வேலை செய்யுதுங்கற வரி அது. எங்க ஷெட்டுல மூணாம் நம்பர் மில்லுன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு இரும்பு உருளை எதிரும் புதிருமா சுத்தும், கரும்பு ஜூஸ் மெஷினைப் பெருசாக்குன மாதிரி, நடுவுல ரப்பரைக் கையாலதான் தள்ளணும். கையோ சட்டையோ மாட்டிச்சுன்னா மேல ஒரு கயிறு தொங்கும், இழுத்தா உருளை நின்னுடும். அந்தக் கயிறு தோள்ல பட்டுப் பட்டு ஒரு நாளைக்குப் பத்து தடவை மில்லு நிக்குதுன்னு அதைத் தூக்கிப் பக்கத்துக் கம்பத்துல கட்டிட்டாங்க. பகல் ஷிப்டுல அந்த மில்லுல நிக்கிறவன் முனிரத்தினம். அவன் கை மாட்டிச்சுன்னா கயிறு எட்டாது, விஷயம் அவ்வளவுதான்.

மேடம் ஜனவரியில ஷெட்டுக்குப் போனப்ப அதைப் பாத்திருக்காங்க. பாத்துட்டு வரதராசுலு சாருகிட்ட கேட்டிருக்காங்க, நாளைக்கே அவுத்துடுறோம் மேடம், நீங்க போடுங்கன்னு அவரு சொல்ல, அந்தப் பேச்சை நம்பிப் போட்டிருக்காங்க. பொய்க்குக் கையெழுத்துப் போட்டோம்னு தெரிஞ்ச அன்னிக்கு அந்தம்மா ரூமுக்குள்ள தனியா உக்காந்து அழுதாங்கன்னு பெருக்குற பொண்ணு சொல்லுச்சு. அழுது முடிச்சிட்டு வந்து, கயித்தை அவுத்துடுங்க சார், இப்பவே போடுறேன், காயும்னு சொன்னாங்க. அவரு மாட்டேன்னாரு. கார் கம்பெனி ஆர்டர் ஏப்ரல் வரைக்கும் இருக்கு, மில்லு நிக்கக் கூடாது, ஏப்ரலுக்கு அப்புறம் பாப்போம்னாரு.

பாக்குறதுக்கு நடுவுல அவரே அந்த வரியில கையெழுத்துப் போட்டுப் பாத்தாரு, ஈரம். புரொடக்‌ஷன் மேனேஜரு போட்டாரு, ஈரம். கயித்தைக் கட்டுன ஃபிட்டர் போட்டான், தாளே ஊறிப்போச்சு. அக்கவுன்ட்ஸ்ல புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு, ஷெட்டுப் பக்கமே போகாதவ, வெளையாட்டுக்குப் போட்டா, ஊதுறதுக்கு முன்னாடி காஞ்சுடுச்சு. அப்பத்தான் எல்லாருக்கும் வெளங்குச்சு. தெரிஞ்சவன் போட்டா காயாது, தெரியாதவன் போட்டா காயும்.

இது தெரிஞ்ச அன்னிக்கு ஆரம்பிச்சுது கூத்து. கம்பெனியில நல்லவன், வல்லவன், வேலைக்காரன்கிற பேச்செல்லாம் போயி, தெரியாதவன்கிறதுதான் பெரிய தகுதியா ஆயிடுச்சு. ஆபீஸ்ல இருந்து கேன்டீனுக்கு ஷெட்டு வழியா ரெண்டு நிமிஷம், அந்த வழியில ஒருத்தனும் போறதில்ல, காம்பவுண்டைச் சுத்தி லாரி நிக்கிற இடம் வழியா, வெயில்ல, குடையைப் புடிச்சுக்கிட்டு கால் மணி நேரம் நடந்து போனாங்க. சோறு திங்கும்போது செவுத்தைப் பாத்து உக்காந்தாங்க. ஸ்டோர்ஸ் மேனேஜரு காதுல பஞ்சு வெச்சுக்கிட்டாரு, மேல குல்லா போட்டுக்கிட்டாரு, யாராச்சும் கிட்டப் போனா எழுதிக் குடுன்னாரு, எழுதிக் குடுத்தா கண்ணாடி எடுத்துட்டு வரலன்னாரு. 'ஒரு விஷயம் தெரியுமா'ன்னு யாராவது வாயைத் திறந்தா எதிர்ல நிக்கிறவன் ஓடுனான். பர்சேஸ்ல இருந்த ரெண்டு பேருக்கு ஆகாது, ஒருத்தன் பாத்ரூம்ல இன்னொருத்தன் காதோரமா நின்னு கயித்து விஷயத்தைச் சொல்லிட்டு ஓடிட்டான், சொல்லப்பட்டவனுக்கு அந்த வருஷ பிரமோஷன் போச்சு, காதுல போட்டுட்டான் பாவின்னு அவன் வாசல்ல உக்காந்து புலம்புனதை நானே பாத்தேன். எச்.ஆர்.ல தெரியாதவங்க லிஸ்ட்டுன்னு ஒண்ணு தயார் பண்ணாங்க, என்ன தெரியாதவங்கன்னு அந்த லிஸ்ட்டை அடிச்ச பொண்ணுகிட்ட சொல்லல. அப்பனும் புள்ளையும் ஒரே கம்பெனியில இருந்தா வீட்டுல பேசிக்கிறதில்ல. வணக்கம் சொன்னாக்கூட இவன் எதுக்கு வணக்கம் சொல்றான், இதுக்குள்ள எதையாவது நுழைக்கிறானான்னு பாத்தாங்க.

என்னையும் சேத்துத்தான் சொல்றேன். நான் மேடத்தைச் சந்தேகப்பட்டேன். மதுரையில இருந்து ஏதோ மருந்து மை கொண்டாந்து நல்லா ஓடிட்டிருந்த கம்பெனியை ஆட்டிப் பாக்குறாங்கன்னு நெனைச்சேன், நாலு பேருகிட்ட சொல்லவும் சொன்னேன். எனக்கு ஒரு கெத்து வேற. எங்க கம்பெனியில எந்தப் பத்திரமானாலும் சாட்சிக் கையெழுத்து என்னோடதுதான், டெஸ்பாட்ச்சுக்கு வர்ற தாளுதானே, ஜெசிந்தாவே போட்டுடட்டும்னு பழக்கமாயிடுச்சு. அந்த நாப்பத்தேழு நாள்லயும் என் கையெழுத்து ஒண்ணுகூட ஈரமானதில்ல. அதைப் பெருமையா மேடத்துகிட்டயே சொன்னேன். அவங்க கவுன்ட்டர்ல சாஞ்சு நின்னு என்னையே பாத்தாங்க.

"சாட்சி காயத்தான் செய்யும் ஜெசிந்தாக்கா. இன்னார் உங்க முன்னாடி கையெழுத்துப் போட்டாருன்னு மட்டும்தானே போடுறீங்க. உள்ள இருக்கிறதுக்கு நீங்க பொறுப்பே இல்லைல்ல."

குத்திச் சொன்னாங்களா, சும்மா சொன்னாங்களான்னு எனக்குப் புரியல. நான் திருப்பிக் கேட்டேன், அவ்வளவு நியாயம் பாக்குறவங்க வெளிய போயி நாலு பேருகிட்ட சொல்ல வேண்டியதுதானேன்னு. அதுக்கு அவங்க, கம்பெனிக்கு வக்கீலா இருக்கிறவ கம்பெனி விஷயத்தை வெளிய எடுத்துட்டுப் போறது அவ்வளவு லேசில்ல, வெளிய சொன்னா துரோகி, உள்ள சொன்னா கேக்க ஆளில்ல, அதனால உள்ளயே ஒவ்வொரு கதவா தட்டிக்கிட்டு இருக்கேன்னாங்க. மூணு தடவை எழுத்துலயே குடுத்திருக்காங்களாம். மூணையும் பிரிக்காம திருப்பி அனுப்பிட்டாராம் வரதராசுலு சாரு. அதைக் கேட்டு எனக்குச் சங்கடமாப் போச்சு, கவர் ஒட்டுற வேலை இருக்குன்னு திரும்பிக்கிட்டேன்.

மார்ச் பாதியில மேடத்துக்குக் கட்டாய லீவு குடுத்துட்டாங்க. சர்டிபிகேட்டுல லா படிச்சவங்க போட்டாத்தான் செல்லும், அதனால மாசக் கடைசியில அந்த எடத்துக்கு ஆதிகேசவன்னு ஒரு தம்பியை எடுத்தாங்க, சேலத்துப் பையன், இருபத்தேழு வயசு, லா முடிச்சு எட்டு மாசமா வேலை இல்லாம இருந்தவன். அவனைக் கொண்டாந்த விதம் இருக்கே, கல்யாணப் பொண்ணைக்கூட அப்படிக் கொண்டார மாட்டாங்க, கண்ணாடியில கறுப்புத் தாளு ஒட்டுன கார்ல ஏத்தி, பின் கேட்டு வழியா கெஸ்ட் ஹவுஸுல எறக்கி, சாப்பாடு அங்கயே, போனு அங்கயே, ஜன்னல்ல திரை, ஷெட்டுச் சத்தம் கேக்காம டி.வி. எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கணும்னு உத்தரவு. பையன் பாவம், பெரிய உத்தியோகம், அதான் இவ்வளவு மரியாதைன்னு நெனைச்சுக்கிட்டான். அவன்கிட்ட தாளு எடுத்துட்டுப் போக ஒரே ஒரு ஆளைத்தான் விட்டாங்க, அது நான். வரதராசுலு சாரு என்னைக் கூப்புட்டு உக்காரச் சொன்னாரு, இருபத்திரண்டு வருஷத்துல அவரு என்னை உக்காரச் சொன்னது அன்னிக்குத்தான். உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு, போனோமா சாட்சி போட்டோமா வந்தோமான்னு இருங்கன்னாரு.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி மேடம் லேப்டாப்பை ஒப்படைக்க வந்தாங்க. கேட்டுக்கு உள்ள விடல, டெஸ்பாட்ச் கேட்டுக்குப் பக்கத்துலயே இருக்கிறதால என் கவுன்ட்டர்ல குடுத்துட்டு, கூடவே ஒரு கவரையும் வெச்சாங்க. மேல ஆதிகேசவன், சட்டத் துறை, கெஸ்ட் ஹவுஸ்னு எழுதியிருந்துது. உள்ள இருந்து உள்ளதான் போவுது, வெளிய போகல, நீங்க பதிஞ்சு குடுத்தா போதும்க்கான்னாங்க. நான் வாங்குனேன். பதியல. ஸ்டாம்ப் பேடுக்கு அடியில தள்ளி வெச்சேன், மூணு நாளு வெச்சிருந்தேன். இதைக் குடுத்தா என் வேலை போகும், குடுக்காட்டி ஒண்ணும் ஆகாது, இந்தம்மா என் தலையில மண்ணள்ளிப் போடப் பாக்குதுன்னு மூணு நாளும் கறுவிக்கிட்டே இருந்தேன். முப்பத்தொண்ணாம் தேதி காலையில டீ டம்ளர் ஆவியில காட்டி கவரைப் பிரிச்சேன், அந்த வித்தை டெஸ்பாட்ச்சுல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒரு வரி. மூணாம் நம்பர் மில்லோட கயிறு கம்பத்துல கட்டிக் கெடக்கு, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி போய்ப் பாருங்கன்னு.

கவரை மறுபடி ஒட்டி டிராயர்ல போட்டுட்டு சர்டிபிகேட்டைத் தூக்கிக்கிட்டுப் போனேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கூரியர், அன்னிக்குத்தான் கடைசி நாளு. பையன் சட்டையை டக் பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தான், டி.வி.யில ஏதோ சமையல் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாப்பத்தோரு வரியையும் விரலை வெச்சுப் படிச்சான். படிச்சிட்டு பேனாவைத் திறந்து, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குற மாதிரி என்னைக் கேட்டான்.

"மேடம், நீங்க இங்க ரொம்ப வருஷமா இருக்கீங்க. இதெல்லாம் சரிதானே?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேரு என்னைக் கேட்டிருக்காங்க, போடுங்க சார்னு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்னிக்கும் வாயில அதுதான் வந்துச்சு. ஆனா அந்த நேரத்துல ஷெட்டுல பதினோரு மணி டீ முடிஞ்ச சங்கு அடிச்சுது, டி.வி.யையும் தாண்டிக் கேட்டுச்சு. முனிரத்தினம் இப்ப ரப்பரைத் தள்ளிக்கிட்டு இருப்பான்னு தோணுச்சு.

"இருபத்தாறாவது வரி பொய் சார்"னு சொல்லிட்டேன்.

சொல்ல ஆரம்பிச்சப்புறம் நிறுத்த முடியல, உருளையைச் சொன்னேன், கயித்தைச் சொன்னேன், நிக்கிறவன் பேரைச் சொன்னேன். பையன் மொகம் சுருங்கிப் போச்சு. அவன் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"ஏன் மேடம் சொன்னீங்க? நான் போட்டுட்டுப் போயிருப்பேனே."

கேட்டுக்கிட்டே கையெழுத்தையும் போட்டான், போட்டா காஞ்சுடும்கிற நப்பாசையில. நீலம் பொங்கி இருபத்தாறாவது வரி மேல ஓடுச்சு. உள்ளங்கையால தேய்ச்சான், கை நெறைய அப்பிக்கிச்சு. அப்படியே கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டான், எனக்கு அவனைப் பாக்கவே பாவமா இருந்துச்சு.

வரதராசுலு சாரு வந்து பாத்தாரு. பையன் கையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. வாய்க்கு வந்தபடி பேசுனாரு, அதையெல்லாம் இங்க சொல்ல வேணாம். மணி பதினொண்ணரை. நாலு மணிக்குள்ள லா படிச்ச, ஒண்ணும் தெரியாத இன்னொருத்தனை எங்க போய்ப் புடிக்கிறது? சேலத்துக்குப் போன் பண்ணாங்க, வேலூருக்குப் பண்ணாங்க, கெடைக்கல. கடைசியில மெயின்டனன்ஸுக்குப் போன் பண்ணாரு. ஃபிட்டர் ஏணி போட்டு ஏறி அந்த முடிச்சை அவுக்கப் பதினாலு நிமிஷம் ஆச்சு, நாப்பத்தேழு நாளா ஒரு கம்பெனியே வெயில்ல சுத்திச் சுத்தி நடந்தது அந்தப் பதினாலு நிமிஷ வேலைக்குத்தான். மேடத்தைக் கார் அனுப்பிக் கூப்புட்டாங்க. வந்தவங்க நேரா ஷெட்டுக்குப் போயி, முனிரத்தினத்தைக் கயித்தை இழுக்கச் சொல்லி மூணு தடவை மில்லை நிறுத்திப் பாத்துட்டு, அப்புறம்தான் போட்டாங்க. காஞ்சுது. நாங்க இருபது பேரு சுத்தி நின்னு பாத்தோம்.

ஒரு வாரம் கேன்டீன்ல எனக்குத்தான் ராஜ மரியாதை. ஜெசிந்தாக்கா வாயைத் திறந்துச்சு, முனிரத்தினம் கை தப்பிச்சுதுன்னு பேச்சு. நானும் வேணாம்னு சொல்லல, உக்காந்து கேட்டுக்கிட்டேன்.

ஏப்ரல் எட்டாம் தேதி, தாமதத்துக்குக் காரணம் கேட்டு தாய்க் கம்பெனியில இருந்து ஆளுக்கொரு தாளு வந்துது. 'மேற்படி விஷயத்தை நான் முதன்முதலில் அறிந்த தேதி'ன்னு ஒரே ஒரு கேள்வி, விஷயம்னா கயிறு கட்டுனது, கீழ கையெழுத்து. மேடம் மறுபடி வேலைக்கு வந்துட்டாங்க, அவங்க ரூம்லயே எழுதிக் குடுக்கணும். நான் தயக்கமே இல்லாம மார்ச் முப்பத்தொண்ணு காலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளை நீட்டுனப்ப மேடத்தோட விரல் நீலமாச்சு.

ஊதிப் பாத்தேன். ஃபேனைக் கூட்டி வெச்சேன். காயல.

உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். கயித்தைக் கட்டுனது போன மே மாசம் பத்தொம்பதாம் தேதி. அன்னிக்கு மத்தியானம் முனிரத்தினம் என் கவுன்ட்டருக்கு வந்தான், அக்கா கயித்தைக் கட்டிட்டாங்க, பயமா இருக்கு, நீதான் எல்லா ரூமுக்கும் போறவ, மேல ஒரு வார்த்தை சொல்லேன்னான். எனக்கு எதுக்குப்பா அது, கவர் ஒட்டுறவ நான்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன். அப்புறம் பத்து மாசம் அவன் தெனமும் கேட்டுல எனக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் உள்ள போனான். நெனைச்சா இப்பவும் கூசுது.

மேடம் டிராயர்ல இருந்து வேற ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளுனாங்க. மே பத்தொம்பதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன், பேனாவை மூடுறதுக்குள்ள அது காஞ்சுடுச்சு.